காப்ஸ்யூலை உரித்த காலை

அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஏதோ புத்தகம் எடுக்கப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். பாத்திரம் கருகியதோடு நில்லாமல் சமையலறைத் திரைச்சீலையும் பற்றிக்கொண்ட அன்று மனைவி முடிவாகச் சொன்னாள்: "டாக்டர்கிட்ட போங்கோ. இல்லேன்னா நான் அம்மா ஆத்துக்குப் போறேன்."

ஐம்பது தாண்டி எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனச் சிதறல் கோளாறு, என்றார்கள். அதுவரை அதை மேதைமை என்று நம்பியிருந்தேன்.

"இது தூண்டிவிடற வகை மருந்து கிடையாது சார்," என்றார் டாக்டரம்மா. "தெனம் சாப்ட்டுட்டு முழுசா முழுங்கணும். பலன் தெரிய சில வாரம் ஆவும். பொறுத்துக்குங்க."

பொறுக்காதவர் என் மைத்துனர். எங்களுடையவை சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் கைங்கர்யக் குடும்பங்கள். வெங்காயம்கூட வாசல் தாண்டாது. அவர் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கர்மம்! அத்திம்பேர், இந்தக் காப்ஸ்யூல் ஓடு ஜெலட்டின். மாட்டுத் தோல், எலும்பெல்லாம் காய்ச்சி எடுக்கறது. ஓட்டை எறிஞ்சுட்டு உள்ள இருக்கறதை மட்டும் சாப்பிடுங்கோ."

அதுவரை விழுங்கியதெல்லாம் வயிற்றுக்குள் எழுந்து நின்று 'மா' என்றது.

மறுநாள் காலை காப்ஸ்யூலை உரித்து, தூளைத் தயிர்சாதத்தில் பிசைந்தேன். கசப்பா அது? வேப்பெண்ணெயில் பழைய பேட்டரியை ஊறவைத்தது போல. துப்பினேன். பிசைந்த கையாலேயே கண்ணைத் தேய்த்தேன். கண்ணுக்குள் மிளகாய் அரைத்தார்கள்.

குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டே, மனைவி என் காதருகே பிடித்த போனில் டாக்டரிடம் புலம்பினேன்.

"உரிச்சு சாப்பிட அது இன்னா வாழைப்பழமா சார்? பிரிக்கக் கூடாதுன்னு மருந்துப் பெட்டியிலயே போட்டிருக்குதே! கண்ணைக் கழுவிக்கினே இருங்க. எரிச்சல் அடங்கலன்னா உடனே வாங்க."

ஒற்றைக் கண்ணால், பக்கத்தில் வந்து நின்ற மைத்துனரைப் பார்த்தேன். இடுப்பில் பட்டு வேட்டி. புழுவைக் கூட்டோடு வெந்நீரில் வேகவைத்து இழுத்த நூல். என் இடுப்பிலும் அதுவேதான். "இது மட்டும் ஆகுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"கட்டிக்கறது வேற, முழுங்கறது வேற, அத்திம்பேர்."

"நீ சித்த சும்மா இரு," என்றாள் மனைவி தம்பியிடம். "இந்த ஆம் தீப்பத்திண்டா புழு, மாடு, நாம எல்லாரும் ஒண்ணாத்தான் வேகணும்."

அடுத்த நாளிலிருந்து முழுசாக விழுங்குகிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டையில் ஒரு கொம்பு உரசிக்கொண்டு இறங்குகிறது. வாய் வேறு காய்ந்துவிடுகிறது. அருவருப்பு இன்றும் குறையவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை, பால் பொங்குமுன் அடுப்பை அணைத்தேன். மனைவி பாலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். என்னையும் அடுப்பையும் தனியாக விட்டுவிட்டு, புதுத் திரைச்சீலை வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.