மங்களம் டீச்சர் ஒப்புக்கொள்ளாத தேர்ச்சி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மங்களம் டீச்சர் இறந்துவிட்டார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஈப்போ ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கையில் இருந்தார். வயது ஐம்பத்து மூன்று. நான் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். "அண்ணே, டீச்சர் போயிட்டாங்க," என்றார். லோரியில் பாதிதான் ஏறியிருந்தது. மீதியையும் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் புறப்பட்டேன். டீச்சர் இருந்திருந்தால், "வேலைய முடிச்சிட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்," என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். இருந்தாலும், தோட்டத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆனவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு அவருடையது. முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளில், எழுத்துக் கூட்டி வாசிக்க வராதவர்களைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அதற்கு 'மக்கு ரூம்' என்று பெயர்.

ஒரு தாய் வந்து சண்டை பிடித்ததை நானே பார்த்தேன். "எம்பிள்ளைய அந்த ரூம்ல போடாதீங்க டீச்சர். பேரு கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"ஏழு வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பாத்துட்டியா? அவன் வாட்சப்ல எழுதுனா யாரு படிச்சுக் காட்டுறது, நீயாலா?" என்றார் டீச்சர்.

அந்தத் தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை வகுப்பில் சேர்ந்தாள். அவள் பெயர் துளசி.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டபோது, கோலாலம்பூரில் உள்ள ஓர் அறக்கட்டளையைப் பிடித்து வந்தேன். அந்த வகுப்புக்கு ஒரு துணை ஆசிரியையும் புத்தகங்களும் இரண்டு ஆண்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். முடிவில் ஆள் அனுப்பிப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பலன் இருந்தால் தொடரும், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. டீச்சரிடம், "பலன் தெரியணும் டீச்சர்," என்றேன்.

"தக்காளிக் கூடையில மேலாப்புல இருக்கறத மட்டும் பாத்தா வாங்குவீங்க?"

"கைய அடிவரைக்கும் விட்டுப் பாப்பேன்."

"வர்றவங்களும் அப்படியே பாக்கட்டும்," என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில், சோதனைக்கு வைக்கும் நான்கு வாசிப்புப் பகுதிகளை அறக்கட்டளை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. பள்ளியில் நகலெடுக்கும் மெஷின் கெட்டுக் கிடந்ததால், பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் என் கடைக்கு அந்தத் தாள்கள் வந்தன. பள்ளி கேட்டதைவிட அதிகமாக நான் நகல் எடுத்தேன். கூடுதலானவற்றை லோரிக்காரரிடம் கொடுத்து, வகுப்பில் இருந்த ஒன்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் அனுப்பினேன். வாங்க வருகிறவன் கண்ணில் படுமுன் சரக்கைத் துடைத்து அடுக்கிவைப்பது என் தொழில். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய்மார்கள் மூத்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, சின்னதுகளைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். இரண்டு வாரத்தில் ஒன்பது பிள்ளைகளும் நான்கு பகுதிகளையும் தேவாரம் போல ஒப்பித்தார்கள்.

சோதனை நாளன்று அறக்கட்டளையிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு பிள்ளையும் திக்கவில்லை. கடைசியாகத் துளசி. கணீரென்று வாசித்தாள். முதல் பக்கம் முடிந்தது, அடுத்த பக்கத்தில் இருப்பதையும் வாசித்தாள், கடைசி வரியும் வந்துவிட்டது. அவள் பக்கத்தைத் திருப்பவே இல்லை. மதிப்பீட்டாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். டீச்சரும் கவனித்தார்.

டீச்சர் எழுந்து போய்க் கரும்பலகையில் நான்கு வரி எழுதினார். மழை பெய்ததையும் கொழுந்துக் கூடை நனைந்ததையும் பற்றிய சாதாரண வரிகள். "இத வாசி கண்ணு," என்றார். துளசி பலகையைப் பார்த்தாள், பிறகு தன் தாயைத் தேடினாள். டீச்சர் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகள் மட்டும் தட்டுத்தடுமாறி வாசித்தார்கள். டீச்சர் மதிப்பீட்டாளரிடம், "முதல்ல கேட்டதெல்லாம் மனப்பாடம். இத எழுதிக்குங்க," என்றார்.

மதிப்பீட்டாளர் போன பிறகு தாழ்வாரத்தில் நான் கத்தினேன். "அவங்க எழுதிட்டுப் போயிருப்பாங்க. நீங்க ஏன் வாயக் குடுத்தீங்க? இப்ப எல்லாம் போச்சு."

"துளசி அடுத்த வருஷம் நாலாம் ஆண்டுண்ணே. வாசிக்கத் தெரியும்னு தாள்ல ஏறிடுச்சுன்னா, அதுக்கப்புறம் அவள ஒருத்தரும் உக்காரவச்சுச் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. அவளும் கேக்க மாட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க கடை மெஷின் ஓரத்துல கறுப்புக் கோடு போடும். வீட்டுக்குப் போன தாள்லயும் அந்தக் கோடு இருக்கு. நான் யாருகிட்டயும் சொல்லல."

டீச்சர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் குற்றம் என்னோடு போயிருக்கும், வகுப்புக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நானாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பக்கமே போகாமல் ஏழெட்டு மாதம் இருந்துவிட்டேன்.

அறக்கட்டளை நிறுத்திக்கொண்டது. துணை ஆசிரியை மாற்றலாகிப் போனார். டீச்சருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மிச்சமிருந்த இரண்டு நாள், பள்ளி விட்ட பிறகு, அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்தார். மாதம் ஒருமுறை அவரே சோதித்துப் பார்த்தார். பிஸ்கட் உறை, மருந்துச் சீட்டு, கோயில் அறிவிப்பு என்று பிள்ளைகள் அதுவரை பார்க்காத எதையாவது நீட்டுவார். அவர் போராடி ஜெயித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயிக்கவில்லை. மழை என்றால் பிள்ளைகள் வருவதில்லை. மூன்று குடும்பங்கள் காய்கறித் தோட்ட வேலைக்காக லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கிவிட்டன. துளசி இப்போது நாலாம் ஆண்டில் இருக்கிறாள். ஒற்றைச் சொல்லை வாசிக்கிறாள். ஒரு வரி இன்னும் வரவில்லை.

கடைசியாக ஈப்போவில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னைப் பேசவிடவில்லை.

"ஏன் சரிவரலன்னு கண்டுபிடிச்சிட்டேண்ணே. வாரத்துக்கு ரெண்டு நாள் பத்தாது. நடுவுல மறந்துடுதுங்க. அரை மணி போதும், ஆனா தெனமும் வேணும். எனக்குத் தெனமும் இல்லாமப் போச்சு. யாராவது செஞ்சு பாக்கணும்."

"பாக்கலாம் டீச்சர்," என்றேன்.

"வியாபாரி 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதாலா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது.

தகனம் முடிந்த மறுநாள் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். என் மருமகள் செல்வி, கடையில் கல்லாவில் இருப்பவள், தினமும் வந்து சொல்லிக்கொடுப்பாள் என்றேன்.

"அவங்க டீச்சர் இல்லையேண்ணே."

"இல்லதான். வேற யாரு இருக்கா?"

இந்தப் பள்ளியே இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்று அவருக்கும் தெரியாது. மலையில் இப்போது கொழுந்து பறிக்கிறவர்களில் நம் ஆட்கள் கொஞ்சம்தான், மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். செல்வியால் முடியும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை, செல்விக்கும் இல்லை. டீச்சர் கண்டுபிடித்துச் சொன்ன அந்த ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்த வகுப்பை இன்னொரு முறை கைவிட எனக்கு மனம் வரவில்லை.

தலைமையாசிரியையும் நானும் ஒப்புக்கொண்டது இது: பள்ளி நாள் ஒவ்வொன்றும் காலை ஏழு முதல் ஏழரை வரை வகுப்பு. துளசியோடு நான்கு பிள்ளைகள். மழை நாளில் அவர்களை அழைத்துவர என் வேன் போகும். மாதக் கடைசியில் சோதனை. வாசிக்க வேண்டிய வரிகளைத் தலைமையாசிரியை அன்று காலையில்தான் எழுதுவார். முடிவு எப்படி இருந்தாலும் அப்படியே எழுதி வைப்பார். சோதனைக்கு முன் அந்த வரிகளை எனக்குக் காட்டக்கூடாது.