ஹெல்மெட்டைக் கழட்டச் சொன்னவர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். கழுத்தெலும்பில் விரிசல் விழுந்த எக்ஸ்ரே இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். இட்டுக்கட்டிக் கதை சொல்ல எனக்கு நேரமும் இல்லை.

அன்று பகல் டியூட்டி முடித்து, வீட்டுக்காரரின் பைக்கைத் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். பின் டயர் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. "மாத்தணும், மாத்தணும்" என்று அவர் பத்து நாளாகச் சொன்னதோடு சரி. லேசான தூறல். கல்குவாரி வளைவில் சாலையெல்லாம் மணல். பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். பின்சக்கரம் வாரிவிட்டது. மணி 6.42.

கண் விழித்தபோது சாலையோரப் புல்லில் மல்லாந்து கிடந்தேன். வலது கையைத் தூக்க முடியவில்லை. கழுத்தில் சுரீரென்று வலி. தலையை அசைக்கக் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. தினமும் மற்றவர்களுக்கு நான் சொல்லும் பாடம். இடது கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தேன். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

"என்னம்மா, அடி பலமா?"

தலைமாட்டில் ஓர் ஆண் குரல். வண்டி வந்த சத்தம் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை.

"ஆம்புலன்ஸ் வருதுண்ணே. வளைவுல வர்ற வண்டிய மட்டும் நிறுத்துங்க."

"ஹெல்மெட்டக் கழட்டும்மா. மூச்சு முட்டும்ல?"

"வேணாம்ண்ணே."

செயினுக்கு அடி போடுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் திருட வந்தவன் ஏன் என்னைத் தொடவே இல்லை?

கடைக்கண்ணால் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக் கை. தூறலில் நான் தொப்பலாக நனைந்து கிடந்தேன். அந்தச் சட்டை மட்டும்... காய்ந்திருந்தது.

6.55.

"நீயே கழட்டிடும்மா. கொக்கி தாடைக்குக் கீழதான் இருக்கு."

குரல் நெருங்கியிருந்தது. விழுந்த பைக்கின் இண்டிகேட்டர் டிக்... டிக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

என் இடது கை எழுந்தது. தாடைக்குக் கீழே போனது. விரல்கள் கொக்கியைத் தேடின.

நான் தேடவில்லை...

பல்லைக் கடித்துக் கையைக் கீழே இழுத்தேன். புல்லை இறுகப் பற்றிக்கொண்டேன்.

"கழட்டு."

இந்த முறை குரல் வெளியிலிருந்து வரவில்லை.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து...

என் காதோரம்.

7.04. சைரன்.

என்னருகில் யாரையும் பார்க்கவில்லை என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாய் என்றார் டாக்டர்.

நான்காம் நாள் வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்தார். எழுதிக்கொண்டே வந்தவர், வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி நான் சொன்னதும் பேனாவை மூடினார்.

"அந்த வளைவுல ரெண்டு வருஷத்துல மூணு பேர் போயிட்டாங்க சிஸ்டர். மூணு பேருக்கும் கழுத்து. வேற பெரிய காயமே இல்ல."

"ஹெல்மெட் போடலையா?"

"போட்டிருந்தாங்க. ஆனா நாங்க போறப்ப, பத்தடி தள்ளியிருந்த மைல்கல் மேல கழட்டி வெச்சிருந்துச்சு."

வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணுலயும் கைரேகை எடுத்தோம். செத்தவங்களோட ரேகை மட்டும்தான் இருந்துச்சு."