நாற்பது பேரும் சரியாக இருந்தார்கள்

அவளைக் குடைக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் குடை விரித்து யாரும் பார்த்ததில்லை. மடக்கிய சிவப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். பின்னால் நாற்பது பேர் வருவார்கள்.

கோடை பிறந்தால் அந்த ஊருக்கு மாநாடுகள் வரும். மூன்று நாள் கூட்டம் போட்டுப் பேசிக் களைத்தவர்களை ஒரு பகல் முழுக்க வெளியே அழைத்துப் போக வேண்டும். காலையில் மலைக்கோட்டை, மதியம் சாப்பாடு, அப்புறம் அருவி. மாலை விருந்துக்கு முன்னால் ஓட்டல் வாசலில் ஓர் ஆள் குறையாமல் இறக்கிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகனுக்கும் அதுதான் சோறு.

அந்தக் கோடையில் வந்தவர்கள் பல் டாக்டர்கள். எல்லோர் தலையிலும் மாநாட்டில் இலவசமாகக் கொடுத்த நீலத் தொப்பி, எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி நீலப் பை. பஸ்ஸும் இரண்டு, இரண்டும் வெள்ளை. முன் கண்ணாடியில் ஒட்டிய தாளில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருக்கும். முதல் பஸ்ஸுக்குக் குடைக்காரி. இரண்டாவது பஸ்ஸுக்கு அவளுடைய நாத்தனார்.

அன்று காலை கிளம்புவதற்கு முன் சுற்றுலா கம்பெனி முதலாளி இரண்டு பேரையும் ஆபீசுக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அடுத்த மாசத்துல இருந்து எனக்கு ஒரு கைடு போதும். இந்த மாநாட்டுல யார் மேல புகார் வருதோ அவங்க வீட்டுக்குப் போகலாம். சொந்தக்காரங்க, பழையவங்கன்னு என்கிட்ட யாரும் அழக்கூடாது."

இரண்டு பெண்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். குடைக்காரி கீழே, நாத்தனார் மாடியில். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் மகன்தான் தபால்காரன். "மோட்டாரைப் போட்டா அணைக்கவும் தெரியணும்னு மேல சொல்லிட்டு வா" என்று இவள் அனுப்புவாள். "தண்ணி எடுக்கிறவங்களுக்கு அணைக்கக் கை இல்லையான்னு கீழ கேளு" என்று பதில் வரும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாத்தனார் கைடு இல்லை. அதே ஆபீசில் போன் எடுக்கும் வேலை. ஒரு கோடையில் காலை பத்து மணிக்குக் குடைக்காரியின் கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் இடத்திலேயே சரிந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. எடுத்தவள் அவனுடைய தங்கைதான். குடைக்காரி அப்போது கோட்டை உச்சியில் நின்று, எந்தக் காலத்திலோ செத்துப்போன ராஜாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை அவளுக்குத் தகவல் அனுப்பவில்லை.

மாலை ஆறு மணிக்கு பஸ் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கி, கைகுலுக்கி, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆளும் இறங்கிய பிறகுதான் நாத்தனார் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாரு."

மதியம் இரண்டு மணிக்கே உயிர் போயிருந்தது. அதுவரை நினைவு இருந்ததாம். வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் "வந்துட்டாளா?" என்று கேட்டானாம். நர்ஸ் சொன்னாள். அந்த ஒரு கேள்வி குடைக்காரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று மூடிய வாயை அவள் நாத்தனாரிடம் அதன்பின் திறக்கவில்லை.

ஜாடைப் பேச்சு மட்டும் உண்டு. பல் டாக்டர்கள் வந்த இந்தக் காலையிலும் பஸ் கிளம்பும்போது நாத்தனார் தன் டிரைவரிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "குடையைத் தூக்கிட்டா போதும், கைடு ஆயிடலாம்னு சில பேருக்கு நினைப்பு."

குடைக்காரி தன் டிரைவர் பக்கம் திரும்பினாள். "வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல மட்டும் சில பேருக்கு வாய் வராதுப்பா."

"ஏறுங்கக்கா, நேரமாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் காதுதான் புண்ணாப்போகுது" என்றான் டிரைவர்.

கோட்டையில் ஒரு வயதான அம்மாள் குடைக்காரியோடு ஒட்டிக்கொண்டாள். மாநாட்டுச் செயலாளரின் மனைவி. கணவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் தனியாக வந்திருந்தாள். ஒல்லி உடம்பு, பத்துப் படி ஏறினால் மூச்சு இரைத்தது.

"இன்னும் எத்தனை படி?"

"தொண்ணூறு இருக்கும்மா."

"உண்மையை யாரு கேட்டா? முப்பதுன்னு சொல்லுங்க, ஏறிடறேன்."

குடைக்காரி சிரித்துவிட்டாள். வழியில் இரண்டு தடவை அந்த அம்மாள் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினாள். இரண்டு தடவையும் குடைக்காரி அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அருவியில்தான் வினை பிறந்தது. வெயில் ஏறியதும் இரண்டு டிரைவர்களும் நிழலைத் தேடி வண்டியை நகர்த்தினார்கள். முதல் பஸ் நின்ற மரத்தடியில் இரண்டாவது பஸ்ஸும், அது நின்ற இடத்தில் முதல் பஸ்ஸும் வந்து நின்றன. ஊர் சுற்ற வந்தவர்கள் கண்ணாடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏறுவதில்லை. குடைக்குப் பின்னால் வருகிறவர்கள் சரியாக வந்துவிடுவார்கள், பின்தங்கியவர்கள் இறங்கிய இடத்தைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். குடைக்காரி எப்போதும் போல இருக்கைகளின் தலைப்பக்கத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். நாற்பது நீலத் தொப்பி. நாற்பது பேரும் சரியாக இருந்தார்கள். "போலாம்பா" என்றாள்.

இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர் பாட்டில் கொடுக்க எழுந்தவள் ஐந்தாவது வரிசையில் நின்றுவிட்டாள். ஜன்னலோர இருக்கை காலி. கீழே, அருவியில் நனையக்கூடாது என்று அந்த அம்மாள் விட்டுப்போன பழுப்புக் கைப்பை.

"இங்க இருந்த அம்மா எங்க?"

"பின்னால போய் உட்கார்ந்திருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

பின்னால் போனாள். கடைசி வரிசையில் கனத்த மனிதர் ஒருவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார். கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். பஸ் எண் இரண்டு. தட்டி எழுப்பினாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க பஸ்ல வேற கைடு இல்ல இருந்தாங்க? அவங்களை மாத்திட்டீங்களா?"

குடைக்காரிக்கு அப்போதுதான் புரிந்தது. தலையை எண்ணினாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் அருவியில் நிற்கிறாளா, இரண்டாவது பஸ்ஸில் இருக்கிறாளா? எங்கே இருந்தாலும் மருந்து இங்கே இருக்கிறது.

டிரைவர் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். "என்னக்கா, ஆள் மாறிடுச்சா?"

"ஆமா."

"அங்க போன் போட்டுக் கேளுங்க."

"அவளுக்கா? போட்டேன்னா என் வேலையை நானே தட்டுல வெச்சு அவகிட்ட குடுத்த மாதிரி. நாளைக்குக் காலையில முதலாளி மேஜை மேல இந்தக் கதைதான் முதல்ல இருக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

அவள் அந்த அம்மாளின் கைப்பையைத் திறந்தாள். இன்ஹேலர் மேலாகவே கிடந்தது. மகனின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. ஐம்பத்தொரு வயதில் இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? ஆனாலும் விரல் எண்களை அழுத்தியது. ஒன்பது வருடம் கூப்பிடாத எண், அத்தனையும் மனப்பாடமாக இருந்தது.

போன் மணி ஏழு தடவை அடித்த பிறகு நாத்தனார் எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? எனக்கு நிறைய பேர் போன் பண்றாங்க."

"என் ஆள் ஒருத்தங்க உன் பஸ்ல இருக்காங்களா? வயசான அம்மா, ஒல்லியா."

மறுபக்கம் ஒரு சிரிப்பு. "கிளம்பும்போதே பார்த்துட்டேன். என் ஆள் உன் பஸ்ல ஏறினதும் தெரியும். ஓட்டல் வாசல்ல எல்லார் முன்னாலயும் இறக்கிவிட்டு, இந்தம்மா யார் ஆளுன்னு கேக்கலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட."

"தெரிஞ்சும் சொல்லல."

"நான் ஏன் சொல்லணும்?"

"அடிப்பாவி, அவங்க மூச்சு மருந்து என் பஸ்ல இருக்கு. என்ன பண்றாங்க அவங்க?"

"தூங்கறாங்க."

"தூங்கறாங்களா, மூச்சு விட முடியாம சாஞ்சிருக்காங்களான்னு எழுந்துபோய்ப் பாருடி!"

போனில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு வந்த குரலில் சிரிப்பு இல்லை.

"அண்ணி... உதடெல்லாம் நீலமா இருக்கு அண்ணி."

ஒன்பது வருடம் கழித்து வந்த அந்த 'அண்ணி'யைக் குடைக்காரி காதில் வாங்கவே இல்லை. "நிமிர்த்தி உட்கார வை. ஜன்னலைத் திற. வர்ற வழியில இருக்கிற பெட்ரோல் பங்க்ல நிறுத்து, நான் திரும்பி வர்றேன்" என்று கத்திவிட்டு டிரைவரின் தோளைப் பிடித்தாள். "திருப்புப்பா!"

பஸ் திரும்பியது. விருந்து தவறிப்போகும் என்று பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. அவள் காதில் விழவில்லை.

பெட்ரோல் பங்கில் இரண்டாவது பஸ் நின்றிருந்தது. அதில் அத்தனை டாக்டர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் பல் டாக்டர்கள். ஒருவர் நாடி பிடித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தொப்பியால் விசிறினார், மருந்து மட்டும் யாரிடமும் இல்லை. குடைக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏறி, அந்த அம்மாளின் வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தினாள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. அம்மாளின் மார்பு மெல்ல விம்மியது, உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள்.

"உங்க பஸ்னுதான் ஏறினேன். மேல ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது. இந்த பஸ் கைடம்மாகிட்ட சொன்னேன், பேசாம உட்காருங்கன்னாங்க. எழுந்து இறங்க எனக்குத் தெம்பு இல்ல."

குடைக்காரி கீழே இறங்கினாள். நாத்தனார் பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"உன் அண்ணனைக் கொன்னது பத்தாதா உனக்கு?"

"நான் யாரையும் கொல்லல! அன்னிக்கு உனக்குச் சொல்லியிருந்தா நாற்பது பேரை மலையில அப்படியே விட்டுட்டு ஓடி வந்திருப்ப. முதலாளி உன்னைத் துரத்தியிருப்பாரு. அப்புறம் என் அண்ணன் புள்ளைக்கு யாரு சோறு போடுவா?"

"அதை முடிவு பண்ண நீ யாருடி? போறதும் இருக்கறதும் என் பாடு. அவரு கேட்டது என்னை. உன்னை இல்ல."

"அவருக்கு நான் தங்கச்சி!"

"அப்ப நான் யாரு? பஸ்ஸுக்குக் கைடா?"

நீலத் தொப்பிகள் சுற்றி நின்று போனில் படம் எடுத்தன. ஒருவர் டிரைவரிடம் மெதுவாக, இதுவும் சுற்றுலாவில் சேர்த்தியா என்று கேட்டார்.

"இல்லீங்க. இது குடும்பம்" என்றான் டிரைவர்.

அப்போது நாத்தனாரின் போன் அடித்தது. முதலாளி. பஸ் ஏன் தாமதம் என்று யாரோ அதற்குள் ஓட்டலுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். நாத்தனார் குடைக்காரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆள் மாறி ஏறிட்டாங்க சார். ரெண்டு பஸ்லயும் எண்ணிக்கை சரியா இருந்துச்சு, அதான் யாருக்கும் தெரியல. ரெண்டு பேர் தப்பும்தான் சார்."

அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. குடைக்காரி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போனைப் பிடுங்கினாள்.

"சார், முகத்தைப் பார்க்காம தலையை எண்ணினது என் தப்பு. அதுக்கு என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா இவளுக்குக் கிளம்பும்போதே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அதையும் எழுதிக்குங்க."

மறுநாள் காலை புகார் கடிதம் முதலாளியின் மேஜையில் இருந்தது. எழுதியவர் அந்த அம்மாளின் கணவர், மாநாட்டுச் செயலாளர். மருந்தோடு ஓடி வந்தவளைப் பற்றி அதில் ஒரு குறையும் இல்லை. தெரிந்தே பேசாமல் இருந்தவளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

முதலாளி கடிதத்தை நாத்தனார் பக்கமாக நகர்த்தினார். அவள் படிக்கவில்லை. கழுத்திலிருந்த கைடு அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். குடைக்காரி வராந்தாவில் நின்றிருந்தாள்.

"போதுமா? அன்னிக்கு நான் மறைச்சேன், இன்னிக்கு நீ சொல்லிட்ட. கணக்கு சரியாப் போச்சு" என்றாள் நாத்தனார்.

"சரியாகல. உனக்குப் போனது வேலை."

 நாத்தனார் படியிறங்கித் தெருவில் நடந்தாள். குடைக்காரி கூப்பிடவில்லை. அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் அவளுக்கு இல்லை.

உள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது. "இன்னிக்கு வேற மாநாடு, அதுலயும் எண்பது பேர். இனிமே நீ ஒருத்திதான், ரெண்டு பஸ்ஸையும் நீயே பார்த்துக்க."

அவள் முதல் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அட்டையைத் திருப்பி, நாற்பது எண்ணினாள். இறங்கி, இரண்டாவது பஸ்ஸில் ஏறி அங்கேயும் நாற்பது முகம் எண்ணினாள். அதற்குள் முதல் பஸ்ஸிலிருந்து நான்கு பேர் தண்ணீர் வாங்க இறங்கியிருந்தார்கள். அவர்கள் திரும்பி எதில் ஏறினார்கள் என்று பார்த்துச் சொல்ல அங்கே இன்னொருத்தி இல்லை.

"எந்த வண்டியில வர்றீங்கக்கா?" என்று டிரைவர் கேட்டான்.

அவள் இரண்டு பஸ்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.