கடலுக்கு நீலம் கூட்டிய வருடம்

காற்றுக்கு ஆடாத ட்ரைபாட் ஒன்று மொரீஷியஸில் கிடைக்குமா என்று நான் இரண்டு வருடம் தேடியிருக்கிறேன். கிழக்குக் கரையில் கடற்காற்று ஓய்வதே இல்லை. நான் முதலில் வாங்கிய அலுமினிய ட்ரைபாடை மணலில் ஊன்றி, காமிராவை ஏற்றி, மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினால் படத்தில் சவுக்கு மரங்கள் எல்லாம் இரட்டை இரட்டையாக வரும். அந்த ட்ரைபாடைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் நான் வேலை பார்த்த துணி ஆலையிலிருந்து காலிச் சாயப்பொடி டின் ஒன்றைக் கொண்டுவந்து, மணல் நிரப்பி, ட்ரைபாடின் நடுவே கட்டித் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு ஆடவில்லை. அப்போதும் அந்த ட்ரைபாடை நான் மன்னிக்கவில்லை.

கருவிகளோடு சண்டை பிடிப்பது என் பிறவிக் குணம். திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பழகியவன் நான். எண்பதுகளின் நடுவில் இங்கே துணி ஆலைகள் மளமளவென்று எழும்பிய காலத்தில், சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடை ஆலையின் சாய ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தேன். வெளிநாட்டு வியாபாரி ஒரு விரல் அகலத் துணியை அனுப்புவான். அதே நிறத்தை நாங்கள் பருத்தியில் கொண்டுவர வேண்டும். நிறத்தை எண்ணாக அளந்து சொல்லும் இயந்திரம் பெரிய ஆலைகளில்தான் இருந்தது. எங்கள் ஆலையில் இருந்தது நிறங்களை ஒரே வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடும் ஒரு லைட் பாக்ஸ், அதன் முன்னால் என் இரண்டு கண்கள். நான் பார்த்துச் சரி என்று நிற அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் துணி தையலுக்குப் போகும்.

வேலை அனுமதியும் அந்தக் கண்ணுக்காகத் தந்ததுதான். அது போனால் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். நான் சொல்லப் போகும் வருடத்தில் மூத்தவள் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் எங்களுக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை. இதையெல்லாம் நான் அப்போது நினைத்துப் பார்த்ததே கிடையாது. என் கண்ணுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற திமிர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலையும் மலையையும் படம் எடுப்பது எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஊர் திரும்பிய ஒரு மெக்கானிக் தன் காமிராவை எனக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். ஃபிலிமைத் தேர்ந்தெடுக்க நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆய்வகத்திலிருந்து பன்னிரண்டு சாயத்துண்டுகளை எடுத்துப்போய்க் கடற்கரையில் கயிறு கட்டி உலர்த்துவதுபோலத் தொங்கவிட்டேன். மூன்று வகை ஸ்லைடு ஃபிலிமில் அதே துண்டுகளை, அதே வெயிலில், பின்னால் கடல் தெரிய எடுத்தேன். கழுவி வந்ததும் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஒன்று சிவப்பைக் கூட்டியது. ஒன்று பச்சையைக் கொன்றது. மூன்றாவது மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னது. இந்த ஊரில் எல்லோரும் பளிச்சென்று வருகிறது என்று முதல் வகையைத்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு ரசனை இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டு மூன்றாவதை வாங்கிக்கொண்டேன்.

இந்த ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதைக் காப்பாற்ற லென்ஸைத் துணிப்பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.

"ஏனுங்க, இந்த வீட்டுல அரிசி சோத்துக்கா, உங்க கண்ணாடிக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப கண்ணாடிய நீங்க தின்னுக்கோங்க. அரிசியில கைய வெக்காதீங்க."

அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லென்ஸ் அங்கேயேதான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. ஆலை அலுவலகம் கழித்துப்போட்ட ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தேன். ஃப்ளாக் பஸ் நிலையத்துக்கு அருகே இருந்த அச்சகத்தில் ஸ்லைடை ஸ்கேன் செய்து, சிறிய அளவில் ஃப்ளாப்பியில் போட்டுத் தந்தார்கள். படத்தைத் திருத்தும் மென்பொருள் ஒன்றும் கிடைத்தது. சாயக்காரனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? தொட்டியில் ஒரு தடவை கூடப்போன சாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இங்கே பிடிக்கவில்லையென்றால் ஒரு விசையைத் தட்டினால் போதும், பழைய நிறம் வந்துவிடும். கொதிக்கிற தண்ணீரும் இல்லை, கையில் கறையும் இல்லை. முதல் வாரம் முழுக்க நான் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் சங்கம் தன் காலண்டருக்குப் படங்களை என்னிடம் கேட்டது. தைப்பூசக் காவடி, வருடப் பிறப்பு என்று விசேஷ நாட்களெல்லாம் குறித்து வீட்டுக்கு வீடு மாட்டும் காலண்டர் அது. மாதத்துக்கு ஒரு காட்சி. செமின் கிரனியே பக்கத்துக் கரும்புத் தோட்டம் பூத்திருக்கும்போது எடுத்தது, பவளப்பாறைக்கு மேல் அலை உடைவது, மழைக்கு முந்திய மலை என்று பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நிறத்தை நானே திருத்தி, எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சாயக் குறிப்புபோல எழுதி அச்சகத்தில் கொடுத்தேன்.

பத்து நாளில் மாதிரி அச்சு வந்தது. அச்சகக்காரர் அதை மேசையில் பரப்பிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"த்ரோ ப்ளே, மிஸ்யே. த்ரோ ப்ளே."

நீலம் மிக அதிகம், ஐயா என்று இந்தத் தீவின் கிரியோல் மொழியில் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடல் அழகாக இருந்தது, நுரை வெள்ளையாக இருந்தது. அப்படியே சொன்னேன். அவர் வாதாடவில்லை. கம்ப்யூட்டரில் என் படத்தைத் திறந்து, அலையின் நுரைமேல் அம்பை வைத்துக் காட்டினார். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண்கள் தெரியும். வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் நுரையில் நீலத்தின் எண் மட்டும் எங்கோ மேலே இருந்தது.

"நுரையில் வானம் தெரியும். அதனால்தான்" என்றேன்.

அவர் அம்பை நகர்த்திக் கரையிலிருந்த ஒரு சிமெண்டுச் சுவரின்மேல் வைத்தார். அங்கேயும் அப்படியே. மேகத்தில் வைத்தார். அங்கேயும் அப்படியே.

"உங்கள் மென்பொருளில் கோளாறு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு! முதலில் வீட்டுத் திரையைச் சந்தேகப்பட்டேன். ஜன்னல் வெளிச்சம் விழுகிறதென்று அதை மூலைக்கு நகர்த்திக் கறுப்புத் துணி கட்டினேன். அப்புறம் மென்பொருளைச் சந்தேகப்பட்டு, ஆலையில் டி-ஷர்ட்டுக்குப் படம் போடும் பிரிவிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தேன். புதியதில் பட்டியல்கள் எல்லாம் வேறு இடத்தில் இருந்தன, நிறத்தை நகர்த்தும் முறையும் வேறு. ஒரு வாரம் தலையால் தண்ணீர் குடித்து அதைக் கற்றுக்கொண்டு பன்னிரண்டு படங்களையும் முதலிலிருந்து திருத்தினேன். இரண்டாவது மாதிரி அச்சு முதலாவதைவிட நீலமாக வந்தது என்றார் அச்சகக்காரர். ஃபிலிம் பழையது என்றேன். ஸ்கேனர் சரியில்லை என்றேன். மை தீர்ந்துவிட்டதோ என்றுகூடக் கேட்டேன். பாவம், அவர் மிகவும் பொறுமைசாலி.

அச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன்.

"ஏனுங்க, கடலுக்குச் சொட்டு நீலம் போட்டுட்டீங்களா?" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வேறு வார்த்தை வராது.

அவள் அச்சைக் கீழே வைத்துவிட்டு என் கால்களைப் பார்த்தாள். அன்று சனிக்கிழமை, ஆலையில் அரை நாள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன்.

"ஒரு கால்ல கறுப்பு சாக்ஸு, ஒரு கால்ல நேவி ப்ளூ. போன வாரமும் இப்படித்தான் போட்டுட்டுப் போனீங்க. அவசரத்துல போட்டிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

இரண்டையும் கழற்றி ஜன்னலண்டை கொண்டுபோனேன். நேவி ப்ளூவில் மட்டும் ஆறு விதங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டு சாக்ஸும் எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தன. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன். அப்போதும் கறுப்புதான். மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயம் அதற்கு முன் நான் பட்டதில்லை.

அன்று மாலையே போனேன்; கண் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருக்கிறது, வயதுக்குச் சற்றுச் சீக்கிரம்தான் என்றார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழைய காகிதம்போல மஞ்சளாகிவிட்டதாம். மெல்ல மெல்ல ஆவதால் அவரவருக்குத் தெரியாதாம். முதலில் மங்குவது நீலம். அறுவை செய்தால் சரியாகிவிடும், ஆனால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும் என்றார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, ஒரு வருடம் இருக்கலாம், இரண்டு வருடமும் இருக்கலாம் என்றார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ நான் பார்த்துச் சரி என்று சொன்ன நீலங்கள் எத்தனை? வானநீலம், நேவி, இந்த ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை நிறத்தில் ஒன்று. அவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையே. நிறம் மாறியிருந்தால் வெளிநாட்டுக்காரன் சும்மா விடுவானா? அப்படியானால் என் கண் துணிக்குச் சரியாக இருந்து படத்துக்கு மட்டும் தவறிவிட்டதா? அப்படி ஒரு கண் உலகத்தில் கிடையாது என்று எனக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த பெண்மணியிடம், நான் மதாம் என்று கூப்பிடுகிறவரிடம், போய் நின்றேன். என் வயதுதான் அவருக்கும். இந்தத் தீவில் பிறந்த தமிழர். கோயில் வகுப்பில் படித்த தமிழை என்னிடம் மட்டும் பேசுவார், மற்றவர்களோடு கிரியோல்தான். பன்னிரண்டு வருடமாக நான் சொல்கிறபடி சாயத்தை நிறுத்துக் கலந்து துணியை முக்கித் தருகிறவர். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும், மிஸ்யே."

"என்ன தெரியும்?"

"நீலம். நீங்க சரி சொல்ற நீலம் நான் திரும்பப் பார்க்கிறேன். தப்பு இருந்தா நான் மாத்தறேன். சாயங்காலம், நீங்க போன பிறகு."

"எப்போதிலிருந்து?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "போன காவடிக்கு முந்தின காவடி."

ஏறக்குறைய ஒன்றரை வருடம். நான் கையெழுத்துப் போட்ட அட்டையோடு, அவர் மாற்றிக் கலந்த நிறம் வியாபாரிக்குப் போயிருக்கிறது. அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. இடையில் சாயம் சீக்கிரம் தீர்கிறதென்று நான் அவரைத்தான் கடிந்துகொண்டேன்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவர் கழற்றிய கையுறையை மடித்தார். தமிழில் வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை. சொல்லலாமா என்று யோசித்திருக்கிறார்.

"ஆலைப் பெரிய மிஸ்யேகிட்ட சொன்னா உங்க வேலை பெர்மி போகும். உங்க பொண்ணு பரீட்சை எழுதணும். உங்ககிட்ட சொன்னா..." கையை விரித்தார். "நீங்க கத்துவீங்க. அப்புறம் கேக்க மாட்டீங்க."

எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ட்ரைபாடைக் கேட்டேன், ஃபிலிமைக் கேட்டேன், திரையைக் கேட்டேன், இரண்டு மென்பொருளைக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்றவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றே மேலாளரிடம் போனேன். இருவருமாகத்தான் போனோம். கண்ணைப் பற்றி நான் சொன்னேன், ஒன்றரை வருடத்தில் ஒரு நீலமும் திரும்பி வராததற்கு யார் காரணம் என்பதையும் சொன்னேன். மேலாளர் டாக்டர் சொன்னதை மறுபடி கேட்டுக்கொண்டார். கடைசியில், இனி நிற அட்டையில் கையெழுத்து அந்த அம்மாவுடையது, நான் அவருக்குச் சாயக் கணக்குப் போட்டுத் தரலாம், அனுமதியைப் பற்றி அறுவைக்குப் பிறகு பேசலாம் என்றார். பெண் பரீட்சை எழுதினாள். என் கண்களும் சரியாயின, அனுமதியும் நீண்டது. கையெழுத்து மட்டும் அவருடையதாகவே இருந்தது, அதுதான் நியாயம். காலண்டர் படங்களை அச்சகக்காரர் எண்களைப் பார்த்து அவரே திருத்தி அச்சடித்தார்.

மேலாளர் அறையிலிருந்து திரும்பிய அன்று பிற்பகல் ஒரு வானநீலம் காத்திருந்தது. மதாம் லைட் பாக்ஸில் விளக்கைப் போட்டு, வியாபாரி அனுப்பிய துண்டையும் எங்கள் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வழக்கத்தால் நான் முன்னால் போய் நின்றுவிட்டேன். சுதாரித்து ஒதுங்கினேன். அவர் பேனாவை எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரிகிறது, சொல்லுங்கள்."