பல்லவ ராஜா போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பூங்கா வாசலில் நம் நடைக்கூட்டத்து நண்பர் ஒருவர்தான் சொன்னார், தேவசகாயம் போய்விட்டார் என்று. நான் நம்பவில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று துருவித் துருவிக் கேட்டேன். தேவசகாயத்திடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம்.

பூங்காவுக்குள் இருந்த சின்ன அருங்காட்சியகத்துக்கு அவர்தான் காவலாளி. உடைந்த டச்சுத் தட்டுகள், நாலு பீரங்கிக் குண்டுகள், அவ்வளவுதான் உள்ளே. ஆனாலும் தினமும் போகிற நம்மைக்கூடப் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். "இங்க யாருமே வர்றதில்லன்னு நாளைக்கி எவனாவது சொல்லுவான் சார். அப்ப இன்னாத்த காட்டுறது?" என்பார். யாராவது பூங்காவைப் புகழ்ந்தால் முகம் சுருங்கிவிடும். "நல்லா கீதுன்றான். அடுத்து டேப்பு எடுத்து அளப்பான், பாத்துகினே இருங்க."

ஏன் இவ்வளவு சந்தேகம் என்று ஒருநாள் கேட்டேன். ஒரு காலத்தில் இது வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தோட்டமாம். "எங்க தாத்தா தண்ணி ஊத்தி வளத்த மரம் சார். இத்தோட நெழல்ல அவரு ஒரு நாளும் உக்காந்ததில்ல. நாங்க உள்ள வரவே எத்தினி வருசம் ஆச்சி. வந்த எடம் கைய வுட்டுப் போவாதுன்னு எப்பிடி நம்புறது?"

இதைக் கேட்ட பிறகும் எனக்குக் கொழுப்பு அடங்கவில்லை. தினமும் பெயர் எழுதி அலுத்துப்போய், 'பல்லவ ராஜா, காஞ்சிபுரம்' என்று எழுத ஆரம்பித்தேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது என்கிற தைரியம். மாதக்கணக்கில் எழுதினேன்.

அருங்காட்சியகத்தை மூடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தேவசகாயம் பெருமையாகப் பதிவேட்டை நீட்டினார். அதிகாரி நாலு பக்கம் புரட்டினார். "பல்லவ ராஜா தெனம் வர்றாரா? மொத்தமும் நீயே உக்காந்து எழுதினியா?" பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தேவசகாயம் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பூட்டு விழுந்தது.

பூட்டு விழுந்த மறுநாளே சொந்தமாக ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு பூங்கா கேட்டில் உட்கார்ந்தார். கண்ணாடி போட்டிருந்தார். "பேரு, ஊரு ஒழுங்கா எழுதுங்க சார்," என்று பேனாவை நீட்டினார். எழுதி முடிக்கும்வரை என் கையையே பார்த்தார். அன்றுமுதல் கடைசிவரை அப்படித்தான். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். கேட்கவில்லை, பாவி.

நேற்று அடக்கத்தின்போது தேவாலய வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதினேன். யாரோ என் கையைப் பார்ப்பது போலவே இருந்தது. அந்தப் பார்வைதான் அவர் எனக்கு விட்டுப்போனது.

நண்பர்களே, பொய்க் கையெழுத்துப் போட்டது அவர்தான் என்று உங்களில் பலர் இன்றும் நினைக்கிறீர்கள். அந்தப் பல்லவ ராஜா நான். இனி என்னைச் சந்தேகப்படுங்கள்.