அப்பாவின் பொய்ப்பல்லும் மூலிகைத் தூளும்

தோழியரே, அப்பா தூங்கிய பிறகு நம் வகுப்புக் கொப்பியில் இரகசியமாக எழுதுகிறேன்.

அவருடைய பொய்ப்பல்லின் உள்ளே, முரசு, அதுதான் ஈறு, நோகாதிருக்கக் கொழும்பில் ஒட்டிய மெத்தை இருக்கிறது. தண்ணீரில் கரைத்துப் பல் ஊறவைக்கும் குளிசை இங்கே கிடைப்பதில்லை. அரியாலை மருந்துக்கடைக்காரர் ஒரு மூலிகைத் தூள் தந்தார். அவர் சொன்னபடி மூன்று நாள், அப்பாவுக்குத் தெரியாமல் ஊறவைத்தேன். மெத்தை கல்லாக இறுகிவிட்டது.

இன்று பின்னேரம் போய்க் கேட்டேன்.

"குளிசைதான் பிள்ளை நஞ்சு. இது மூலிகை, ஒண்டும் செய்யாது. அப்பான்ரை முரசிலைதான் பிழை."

பொக்கை வாயால் சொன்னார். அவருடைய பல் மேசையில் ஒரு கிளாசில் கிடந்தது. தண்ணீரில் தூளின் நிறமே இல்லை.

"உங்கடை பல்லுக்கு ஏன் ஐயா தூள் போடேல்லை?"

"எனக்குப் பச்சைத்தண்ணியே போதும் பிள்ளை."

பெரிய வைத்தியர்!

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். அன்றுதான் அப்பா பல்லை மாட்டுவார். இப்போதே சொல்லவா, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவர் "ஐயோ" என்று அலறிய பிறகு சொல்லவா?

கீழே எழுதுங்கள். மூலிகை மட்டும் சொல்லாதீர்கள்.