கலப்பையைத் தாங்கிய ரப்பர்க் கட்டை

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இத்தனை வயதுக்கு மேல் அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பெராங் என்ற ஊரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அரிசி கண்ணில் படாத நாட்கள். அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்தால் மாவாக வெந்த நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு, நார் ஓடிய வால் எனக்கு. கேட்டால், "வீட்டு மாப்பிள்ளைடா அவரு. நீயும் அவரும் ஒண்ணா?" என்பாள். பெற்ற பிள்ளை நான். வயிறு எரியுமா எரியாதா?

எனக்கும் அவனுக்கும் பக்கத்துக் குருபோங் தோட்டத்தில் வேலை. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு அங்கே மரவள்ளி போட நிலத்தை உழுதார்கள். வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய டிராக்டர் ஒன்று இருந்தது. ஓட்ட ஒரு பெரியவர், கலப்பையை மாட்ட நாங்கள் நான்கு பேர். அந்த வேலை இருந்ததால்தான் நாங்கள் ஊரில் இருந்தோம். வேலை இல்லாதவனைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை.

கலப்பை முழுக்க இரும்பு. அதன் முன்னால் நீளும் கம்பத்தின் நுனியில் ஒரு துளை, டிராக்டரின் பின்னால் ஒரு துளை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஆணி செருக வேண்டும். நான்கு பேர் முக்கித் தூக்கினாலும் ஒரு விரற்கடை தள்ளித்தான் நிற்கும். எனக்கு இடுப்பே ஒடிந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் கலப்பையைக் கழற்றுவதற்கு முன்பே, மாப்பிள்ளை கம்பத்துக்கு அடியில் ஒரு ரப்பர் மரத்துண்டை முட்டுக் கொடுத்தான். அதன்மேல், கம்பம் நீளும் வாக்கிலேயே ஓர் உருட்டுக் கட்டையைச் செருகினான். பிறகு ஆணியை உருவினான். கம்பம் இருந்த உயரத்திலேயே நின்றது. மறுநாள் காலை டிராக்டர் பின்னால் வந்ததும் கம்பத்தைக் காலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினான். கட்டை உருண்டது, துளைகள் சேர்ந்தன, ஆணி இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். இடுப்புக்குச் சுகமாகத்தான் இருந்தது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சல் அன்று பூராவும் தீரவில்லை.

"மச்சான், ஜப்பான்காரன் பாக்க வர்ற அன்னிக்கு கட்டையப் பொதர்ல போட்டுருவோம். நாலு பேரும் முக்கித் தூக்கணும், என்ன?" என்றான் மாப்பிள்ளை. மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போயிற்று. பிறகு தனியாகக் காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "என் மாப்பிள்ளை மூளை யாருக்கு வரும்?" என்று அக்கம்பக்கம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜப்பான் அதிகாரி வந்த அன்று, மாட்டியிருந்த கலப்பையைக் காட்டி, "துவான், ஐயா, ஒரு நிமிஷம்" என்றேன். புதரிலிருந்து கட்டைகளை இழுத்து வந்தேன். "மச்சான், வேணாம்" என்றான் அவன், மெதுவாக. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானே கழற்றி, டிராக்டரை நகர்த்தச் சொல்லி, காலால் தள்ளி, நானே திரும்பவும் மாட்டினேன்.

"பாகூஸ்", ரொம்ப நல்லது என்று மலாயில் சொல்லி அதிகாரி என் தோளைத் தட்டினான். நன்றாக நிமிர்ந்து நின்றேன். அவன் பெரியவரைக் காட்டினான், என்னைக் காட்டினான், இரண்டு விரலை நீட்டினான். இரண்டு ஆள் போதுமாம். மற்ற மூவரையும் சாலையோரம் போய் நிற்கச் சொன்னான். அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.

சயாம் போகும் லாரியில் ஏறும்போது மாப்பிள்ளை என்னைத் திட்டவில்லை. "உருட்டுக் கட்டை ஒரு பக்கம் வெடிச்சிருக்கு மச்சான். மாத்திப்புடு, கம்பம் கால்ல விழுந்துரும்" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் தங்கை அழுது ஓய்ந்தபின் கேட்டாள்: "வெளிய தெரிஞ்சா ஆளக் கொறச்சிருவாங்கன்னு அவரு சொன்னாரே அண்ணே. யாரு காட்டிக் குடுத்தா?"

"தெரியல" என்றேன்.

அம்மா அவனுக்கென்று எடுத்துவைத்திருந்த நடுத்துண்டை வெளியே எடுத்தாள். பிறகு அதை என் தட்டில் வைத்தாள். எனக்குப் பசி. சாப்பிட்டேன்.